அம்மாவுக்கு ஒத்துவந்த மெத்தை

"ஒரு மெத்தை வாங்க ஒன்பது மாதமா?" என்று கேட்காத ஆட்கள் எங்கட சொந்தத்தில் இல்லை. ஒன்பது மாதம்தான். கடைசியில் வாங்கியது 480 டொலர் மெத்தை. இடையில் மூவாயிரம் டொலர் மெத்தைகளின் விளம்பரங்கள் என்ர போனில் இரவு பகலாக வந்துகொண்டிருந்தன, இப்பவும் வருகுது. தங்கள் வீட்டிலும் புதுச் சாமான் மணம் ஒத்துவராத ஒருவர் இருக்கிறார் என்று இரண்டு மூன்று பேர் விபரம் கேட்டபடியால் இதை எழுதுகிறேன். சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீட்டுக்கும் இதில் சில விடயங்கள் உதவும்.

அம்மாவுக்கு 63 வயது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மொன்றியலுக்கு வந்து, 19 வருடம் இரவில் அலுவலகக் கட்டடங்களைத் துப்புரவு செய்தவர். குளோரின், அமோனியா, தரைக்குப் பூசும் மெழுகு. இதோடு ஒவ்வொரு நாளும் ஆறேழு மணித்தியாலம் ரப்பர் கையுறை. அந்தக் கையுறையைக் கொஞ்சம் நினைவில் வைத்திருங்கோ. துப்புரவு வேலை செய்பவர்களிடம் ஆஸ்துமா கூடுதலாக இருக்கிறது என்று பல நாட்டு ஆய்வுகள் சொல்கின்றன. அம்மாவுக்கும் மெல்லிய இழுப்பு இருக்கிறது. அதைவிட, ஐம்பது வயது தாண்டின பிறகு வாசனைத் திரவியம், புதுப் பெயின்ற், புதுக் கம்பளம் எதுவும் ஏலாது என்றாகிவிட்டது. மெற்றோவில் பக்கத்தில் ஒருவர் சென்ற் அடித்துக்கொண்டு வந்து இருந்தால் அடுத்த ஸ்டேஷனில் இறங்கி மற்றப் பெட்டிக்கு மாறுவார்.

பதினைந்து வருடப் பழைய ஸ்பிரிங் மெத்தை நடுவில் குழி விழுந்து முதுகு நோகத் தொடங்கியதும், தம்பி ஆசையாக ஒரு புது ஸ்பொஞ்ச் மெத்தை வாங்கிக் கொடுத்தான். பெட்டிக்குள் சுருட்டி அடைத்து வரும் வகை. பெட்டியை வெட்டியதும் அது மூச்சு வாங்கிக்கொண்டு எழும்புவதைப் பார்க்க என்ர மகளுக்கு நல்ல புதினம். அம்மா அதில் மூன்று இரவு படுத்தார். நாலாம் நாள் விடிய நான் கீழே போனபோது போர்வையைச் சுற்றிக்கொண்டு குசினிக் கதிரையில் இருந்தார். "தம்பி, மூக்கெல்லாம் எரியுது. தலையிடி விடுகுதில்லை. அவன் ஆசையா வாங்கினவன், அவனிட்ட சொல்லாதை." நூறு இரவு பார்த்துவிட்டுத் திருப்பலாம் என்ற நிபந்தனையோடு வாங்கியதால் கடைக்காரர் வந்து எடுத்துப்போனார்கள். அடுத்த மெத்தை வரும்வரைக்கும் அம்மா சோபாவில்தான் படுத்தார்.

இந்த ஒன்பது மாதமும் தேடலைவிடக் களைப்புத் தந்தது சுற்றியிருந்தவர்களின் பேச்சு. "வயசு போனால் இப்படித்தான்", "எல்லாம் மனப்பிரமை", "ஊரில மண்ணெண்ணெய் விளக்குக்குப் பக்கத்தில படுத்து வளர்ந்த ஆளுக்கு இப்ப மெத்தை மணக்குதாம்." இதைப் பற்றி வைத்தியர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை என்பதையும் சொல்லவேண்டும். கியூபெக் மாகாணத்தின் பொதுச் சுகாதார நிறுவனம் 2021இல் இந்தப் பல்வேதிக் கூருணர்வு பற்றி மிகப் பெரிய அறிக்கை ஒன்றை வெளியிட்டது. நாலாயிரத்துக்கு மேற்பட்ட ஆய்வுக் கட்டுரைகளைப் பார்த்து அவர்கள் வந்த முடிவு: இவ்வளவு குறைந்த அளவு இரசாயனம் உடலை நஞ்சாக்கி இதை உண்டாக்குகிறது என்பதற்கு ஆதாரம் இல்லை, நாள்பட்ட பதற்றத்தோடு சேர்ந்து வரும் உடல் மாற்றங்களே இதை விளக்குகின்றன. நோயாளர் சங்கங்கள் இதைக் கடுமையாக எதிர்த்தன. ஆனால் அதே அறிக்கை, இந்த ஆட்கள் படும் உபாதை உண்மையானது என்றும் சொல்கிறது. கனடிய மனித உரிமை ஆணைக்குழுவும் 2007இலிருந்து சூழல் கூருணர்வை இயலாமைகளில் ஒன்றாகக் கணக்கில் எடுக்கச் சொல்கிறது. ரொறன்ரோவில் பெண்கள் கல்லூரி மருத்துவமனையில் இதற்கென்றே ஒரு கிளினிக் 1996இலிருந்து இருக்கிறது.

நான் மென்பொருள் எழுதிச் சீவிக்கிற ஆள். ஒரு பயனர் "உங்கட அப் உறையுது" என்று சொன்னால், என்ர கணினியில் உறையவில்லை என்பதற்காக அவர் பொய் சொல்கிறார் என்று நான் முடிவெடுப்பதில்லை. காரணம் தெரியாவிட்டாலும் எந்த நிலையில் உறைகிறது என்று பார்க்கலாம். அம்மாவின் மூக்கையும் அப்படியே எடுத்துக்கொண்டேன்.

முதலில், மணப்பது மெத்தைதானா? அம்மாவின் குடும்ப வைத்தியர் ஆஸ்துமா மருந்தைச் சரிபார்த்தார். பிறகு ஒருநேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றினோம். மணமுள்ள சலவைத்தூளும், துணியை மெதுவாக்க ட்ரையருக்குள் போடும் தாளும் நின்றன. இரண்டு கிழமை கழித்து, மெத்தைக்கு மேல் போட்டிருந்த பிளாஸ்ரிக் உறையையும் எடுத்தோம். அது பழைய வினைல் உறை, மடித்த இடமெல்லாம் பிசுபிசுத்துக் கிடந்தது. இந்த இரண்டிலேயே பாதித் தலையிடி குறைந்தது என்று அம்மா சொன்னார். இதற்கு ஒரு சதமும் செலவில்லை. மெத்தைக் கடைக்குப் போகமுதல் எல்லாரும் இதைச் செய்து பாருங்கோ.

இனி அந்தப் புது ஸ்பொஞ்ச் மணம். ஸ்பொஞ்ச் என்று நாங்கள் சொல்வது பொலியூரித்தேன் நுரை. பொலியோல், ஐசோசயனேற் என்று இரண்டு திரவங்களைக் கலக்க, அது கேக் மா மாதிரிப் பொங்கி இறுகிவிடும். இறுகிய பிறகு ஐசோசயனேற் பெரும்பாலும் முடிந்துவிடும். மிஞ்சுவது கலவையை ஓடவைக்கப் போட்ட துணைப்பொருட்கள், கரைப்பான்கள், படைகளை ஒட்டிய பசை. இவைதான் மெல்ல மெல்ல ஆவியாகி வருகின்றன. முதல் சில நாட்கள் கூடுதலாக, பிறகு கிழமைக்குக் கிழமை குறையும். சூடு கூடினால் வேகமாக வரும், குளிரில் அடங்கிக் கிடக்கும். மொன்றியல்காரருக்கு இது முக்கியம். ஜனவரியில் பல்கனியில் மைனஸ் இருபதில் வைத்துக் காற்றாட விட்டால் மணம் போகாது, உள்ளே தூங்கும். திரும்ப அறைக்குள் கொண்டுவந்து, மேலே ஒரு மனிதச் சூடும் சேர்ந்தவுடன் எழும்பி வரும். அதுவும் நாங்கள் யன்னல் எல்லாம் இறுக்கிப் பூட்டியிருக்கிற காலம். அப்பச்சோடா தூவினால் மேல்மணம் கொஞ்சம் குறையலாம், ஆனால் இருபது சென்ரிமீற்றர் நுரைக்குள் இருப்பதை அது எட்டாது. சூடான அறை, திறந்த யன்னல், நாட்கள். வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

அடுத்தது முத்திரைகள். கடையில் "சேட்டிப்பூர்" முத்திரையைக் காட்டி "இதில் இரசாயனம் இல்லை" என்று விற்பனையாளர் சொல்வார். அந்த முத்திரை நுரைக்கு மட்டும்தான். மேல் துணிக்கும் பசைக்கும் இல்லை. ஆவியாகும் சேர்மங்கள் பத்து லட்சத்தில் அரைப் பங்குக்குக் குறைவு என்பதுதான் அதன் எல்லை. நல்ல விடயம்தான், ஆனால் "இல்லை" என்று அர்த்தம் இல்லை. "கிரீன்கார்ட் கோல்ட்" முத்திரைக்கு முழு மெத்தையையும் ஒரு அறைக்குள் வைத்து வெளியேறும் காற்றை அளக்கிறார்கள். இருப்பதில் எனக்குப் பயன்பட்டது அதுதான். "ஓகோ-டெக்ஸ்" துணியில் தீங்கான பொருட்கள் உண்டா என்று பார்க்கும். "கோட்ஸ்" இயற்கை முறையில் விளைந்த பஞ்சுக்கும் கம்பளிக்கும், "கோல்ஸ்" அப்படி விளைந்த ரப்பர் பாலுக்கும். பெட்டியில் வெறுமனே "இயற்கை", "பசுமை", "தாவர நுரை" என்று எழுதியிருந்தால் நான் அதை வாசிப்பதே இல்லை. பொலியோலில் ஒரு பங்கைச் சோயா எண்ணெயிலிருந்து எடுத்துவிட்டு "தாவர நுரை" என்று பெயர் வைக்கிறார்கள், மிச்சம் அதே பொலியூரித்தேன்.

அமெரிக்கத் தளங்களை வாசித்துப் பயப்படுகிறவர்களுக்கு ஒன்று. அங்கே 2007 ஜூலையிலிருந்து மெத்தைகள் திறந்த நெருப்புச் சுவாலைக்கும் தாக்குப்பிடிக்கவேண்டும். கனடாவின் மெத்தை விதியில் இருப்பது புகையும் சிகரெட் சோதனை மட்டுமே. அது சுலபமான சோதனை. நெருப்புத் தடுப்பு இரசாயனம் சேர்க்காமலே கம்பளிச் சுற்றோடு அதைத் தாண்டலாம். ஆனால் இங்கே விற்கிற மலிவு மெத்தைகளில் பல இரண்டு சந்தைக்கும் ஒன்றாகவே செய்யப்படுவன. சிலவற்றில் சுவாலையைத் தடுக்க, மேலுறைக்குக் கீழே கண்ணாடி இழையில் பின்னிய உறை ஒன்று இருக்கும். சிப் இருக்கிறதே என்று மேலுறையைக் கழற்றிக் கழுவவேண்டாம். அந்த இழை வீடு முழுக்கப் பறந்தால் எடுப்பது பெரும்பாடு. கலிபோர்னியா 2027இலிருந்து இதைத் தடை செய்கிறது.

பிள்ளைகளின் மெத்தை பற்றி ரொறன்ரோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2025 ஏப்ரலில் வெளியிட்ட இரண்டு கட்டுரைகளை இங்கே சொல்லாமல் விடமுடியாது. ஆறு மாதத்திலிருந்து நாலு வயது வரையான பிள்ளைகளின் 25 படுக்கையறைகளில் காற்றை அளந்தார்கள். பிளாஸ்ரிக்கை மெதுவாக்கும் தலேற்றுகள், நெருப்புத் தடுப்பிகள் போன்றவை கட்டிலைச் சுற்றித்தான் கூடுதலாக இருந்தன. பிறகு கடையில் புதிதாக வாங்கிய 16 பிள்ளை மெத்தைகளைச் சோதித்தார்கள். பிள்ளை படுத்திருப்பது மாதிரிச் சூடும் பாரமும் கொடுத்தபோது வெளியேறும் அளவு கூடியது. இதை வாசித்துவிட்டு நாங்கள் மகளின் கட்டிலை எரிக்கவில்லை. ஆய்வாளர்கள் பெற்றோருக்குச் சொன்னது எளிமையானது: விரிப்புகளையும் படுக்கை உடுப்பையும் அடிக்கடி கழுவுங்கள், கட்டிலில் தலையணைகளையும் பொம்மைகளையும் குறையுங்கள். எங்கட வீட்டில் பதினொரு பொம்மைகள் கட்டிலில் இருந்தன. இப்ப மூன்று. அந்த மூன்றைத் தெரிவு செய்ய ஒரு மாலை முழுக்கப் பேச்சுவார்த்தை நடந்தது.

அப்ப அம்மாவுக்கு ரப்பர்பால் மெத்தை வாங்கலாமே? எல்லாரும் அதைத்தான் சொன்னார்கள். எனக்கும் அதில் ஒரு பாசம் இருந்தது. 1876இல் பிரேசிலிலிருந்து இலண்டன் கியூ தோட்டத்துக்குப் போன விதைகளில் முளைத்த கன்றுகள் அதே வருடம் இலங்கைக்கு வந்து, கம்பகாவுக்குப் பக்கத்தில் ஹெனரத்கொட தோட்டத்தில் நடப்பட்டன. களுத்துறை, கேகாலைத் தோட்டங்களில் மலையகத் தமிழர் எத்தனை தலைமுறை பால் வெட்டினார்கள். அந்தப் பால் இப்போது கனடாவில் மெத்தையாகி, பெரிய அளவு என்றால் இரண்டாயிரம் டொலருக்கு மேலே நிற்கிறது.

ஆனால் அம்மாவின் கையுறை! கையுறை போட்ட காலத்தில் அவருக்கு மணிக்கட்டுவரை தோல் வெடித்து அரிப்பு இருந்தது. ரப்பர் பால் தானாக இறுகாது. அதைக் கந்தகத்தோடு வேகவைக்கும்போது விரைவாக்க தையுராம், கார்பமேற் போன்ற பொருட்களைச் சேர்ப்பார்கள். இயற்கை ரப்பர் என்றாலும் அது இருக்கும். ரப்பர் கையுறையால் தோல் பழுதாகும் பலருக்குக் காரணம் ரப்பர் அல்ல, இந்தத் துணைப்பொருட்கள்தான். இன்னும் சிலருக்கு ரப்பர் பாலின் புரதமே ஒவ்வாமை, அது ஆபத்தானதாகவும் இருக்கலாம். காசைக் கொட்டமுதல் வைத்தியரிடம் கேட்டோம். முதுகில் ஒட்டிப் பார்க்கும் சோதனைக்கு நாலு மாதம் காத்திருந்தோம். தையுராமுக்கு அம்மாவின் தோல் நன்றாகச் சிவந்தது. ரப்பர் மெத்தை அத்தோடு முடிந்தது. தேடல் இவ்வளவு நீண்டதற்கு இந்தக் காத்திருப்பும் ஒரு காரணம், ஆனால் அது இரண்டாயிரம் டொலரைக் காப்பாற்றிய காத்திருப்பு.

மொன்றியலில் இன்னொரு வாசல் இருக்கிறது, ஜூலை முதலாம் திகதி. பாதி நகரம் ஒரே நாளில் வீடு மாறுகிற அந்த நாளில் நடைபாதை முழுக்க மெத்தைகள். பழைய மெத்தை என்றால் மணமெல்லாம் போயிருக்கும், காசும் இல்லை. கேட்க நல்லாயிருக்கும். ஆனால் அதில் மூட்டைப்பூச்சி இருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல யாராலும் ஏலாது. பூச்சி வந்துவிட்டால் அறைக்கு அறை மருந்து அடிக்க வேண்டிவரும். மணம் ஒத்துவராத ஆள் இருக்கிற வீட்டில் அதைவிடப் பெரிய கேடு இல்லை. தெரிந்த வீட்டில், தெரிந்த ஆள் படுத்த மெத்தை கிடைத்தால் மட்டும் யோசியுங்கோ. அம்மாவின் சிநேகிதி ஒருவர் கொடுக்க வந்தார். ஆனால் அவர் வீட்டில் சாம்பிராணியும் ஊதுபத்தியும் ஒருநாளும் நிற்பதில்லை, மெத்தை கோயில் மாதிரி மணந்தது. பக்குவமாகச் சொல்லித் தவிர்த்தோம்.

அம்மாவுக்கு இந்தத் தேடல் முழுக்கச் சிரிப்பு. "அம்மம்மா வீட்டு இலவம் பஞ்சு மெத்தையில என்ன மணம் இருந்தது?" என்பார். கரவெட்டியில் இலவங்காய் வெடிக்கிற காலத்தில் பஞ்செடுத்து, கொட்டை நீக்கி, வெயிலில் காயவைத்து, சீத்தைத் துணியில் அடைத்துத் தைப்பார்களாம். வருடத்துக்கு ஒருமுறை பிரித்து, பஞ்சை உதறி வெயிலில் போட்டுத் திரும்ப அடைப்பார்களாம். காசுள்ளவர்களிடம் தும்பு மெத்தையும் இருந்ததாம். யோசித்துப் பார்த்தால் மணம் ஒத்துவராதவர்களுக்கு இணையத்தில் விற்கப்படும் விலை உயர்ந்த மெத்தைகளுக்குள்ளும் இதே சாமான்கள்தான்: பஞ்சு, தும்பு, கம்பளி, ரப்பர். மேலே ஒரு சான்றிதழ்.

அதனால் தேடலைத் திருப்பினேன். ஸ்பொஞ்ச் இல்லை, பசை இல்லை, ரப்பர் இல்லை என்றால் மிஞ்சுவது பஞ்சு மெத்தை. இங்கே அதற்கு ஃபூட்டோன் என்று பெயர். ஃபூட்டோன் என்று விற்பதில் பலவற்றுக்குள் நடுவில் ஸ்பொஞ்ச் இருக்கும், கேட்கவேண்டும். மொன்றியலில் இன்னும் கையால் தைக்கும் சின்னப் பட்டறைகள் இருக்கின்றன. தொலைபேசியில் நான் கேட்டவை இவ்வளவுதான்: நடுவில் நுரை உண்டா? படைகளை ஒட்டியிருக்கிறதா, தைத்திருக்கிறதா? பஞ்சில் போரிக் அசிட் சேர்த்ததா, அல்லது கம்பளி சுற்றியா சிகரெட் சோதனையைத் தாண்டுகிறது? உள்ளே போடும் பஞ்சில் ஒரு கைப்பிடி தருவீர்களா?

கடைசிக் கேள்விக்கு ஒரு பட்டறைக்காரர் மட்டும் "வாங்கோ, தாறன்" என்று பிரெஞ்சில் சொன்னார். பஞ்சு, கம்பளி, மேல்துணி மூன்றையும் தனித்தனிக் கடதாசிப் பையில் தந்தார். ஒவ்வொன்றையும் கழுவின கண்ணாடிப் போத்தலில் மூடி, ஒருநாள் சூடான இடத்தில் வைத்து, அம்மாவைத் திறந்து மணக்கச் சொன்னோம். ஒத்துவந்ததைத் தலையணைக்குப் பக்கத்தில் மூன்று இரவு வைத்தார். ஆஸ்துமா கடுமையாக உள்ளவர்கள் வைத்தியரிடம் கேட்காமல் இதைச் செய்யவேண்டாம். என்ர வேலையில் சோதனைச் சேர்வரில் ஓடவிடாமல் எதையும் வெளியில் விடமாட்டோம், இதுவும் அதுதான். பஞ்சு, துணி இரண்டும் சரி. கம்பளியைப் பற்றி மட்டும் "ஆட்டுக்கொட்டில் மணக்குது, ஆனா எரியேல்லை" என்றார். ஆட்டுக்கொட்டில் மணம் இரண்டு கிழமையில் போய்விட்டது.

ஒற்றைக் கட்டில் அளவு, 480 டொலர். வரி 14.975 வீதம் சேர்க்க 552. திருப்பி எடுப்பார்களா என்று வாங்கமுதல் எழுத்தில் கேளுங்கோ. கியூபெக்கில் பழுதில்லாத பொருளைத் திருப்பி எடுக்கக் கடைக்காரருக்குச் சட்டக் கட்டாயம் இல்லை, அவர் என்ன வாக்குக் கொடுத்தாரோ அதுதான். பட்டறைக்காரர் பிளாஸ்ரிக் சுற்றாமல் பழைய பெட்ஷீற்றில் சுற்றித் தர, நானும் தம்பியும் வானில் ஏற்றிவந்தோம்.

குறையில்லாத மெத்தை இல்லை இது. பாரம். மாதத்துக்கு ஒருக்கால் புரட்டவேண்டும், அது அம்மாவால் தனிய ஏலாது. இறுகிக்கொண்டே போகும், மெதுவான படுக்கை வேண்டியவருக்குப் பிடிக்காது. தரையில் போட்டால் குளிர்காலத்தில் அடியில் ஈரம் கட்டிப் பூஞ்சணம் பிடிக்கும், அதனால் காற்றுப் போகும் சட்டக் கட்டில் கட்டாயம். பைன் மரச் சட்டம் அம்மாவுக்குச் சரிவராது, பைன் தானே ஒரு மணம் விடும். எங்களிடம் பழைய இரும்புக் கட்டில் இருந்தது. தூசிப்பூச்சிக்கு நெருக்கமாக நெய்த பருத்தி உறை 90 டொலர், விரிப்புகளைக் கிழமைக்கு ஒருக்கால் சுடுதண்ணீரில் கழுவல். அம்மா இப்ப இரவில் ஐந்து ஆறு மணித்தியாலம் தொடர்ந்து நித்திரை கொள்கிறார். முதுகு நோ இன்னும் கொஞ்சம் இருக்கிறது. தலையிடி மாத்திரைப் போத்தல் மார்ச்சிலிருந்து அதே அளவில் நிற்கிறது.

மகளுக்கு அடுத்தது பெரிய கட்டில். தம்பி இந்த முறை வாங்கமுதல் எனக்குப் படம் அனுப்புகிறான். அவளுக்கு அம்மாவைப் போலக் கூருணர்வு இல்லை, அதனால் பஞ்சு மெத்தைதான் வேண்டும் என்று நான் நிற்கவில்லை. கிரீன்கார்ட் கோல்ட் முத்திரையுள்ள ஒரு சாதாரண மெத்தையே போதும். ஆனால் அதை மே மாதக் கடைசியில் வாங்குவோம். வெறும் அறையில் யன்னலைத் திறந்து ஜூன் முழுக்கக் கிடக்கட்டும், பள்ளிக்கூடம் முடியும்வரை அவள் பழைய கட்டிலிலேயே படுப்பாள்.